அளவு நோட்டில் சுரண்டிய இடம்

என் மூத்தவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சின்னவளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று அடுத்த வரியில் கேட்பதுதான் வழக்கம், இந்தத் தடவை கேட்கப்போவதில்லை. கேட்டால் "நல்லாத்தாம்மா இருக்கேன்" என்பாய், அந்தப் பொய்யை இன்னொரு தரம் கேட்கிற பொறுமை எனக்கு இல்லை. போன் பண்ணாமல் எழுதுவதும் அதற்காகத்தான். போனில் ரெண்டு வார்த்தை இனிக்க இனிக்கப் பேசிவிட்டு, யாரோ கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிடுவாய். இதைக் கிழித்துப் போடுவதானால் போடு, ஆனால் உன் சுபாவம் எனக்குத் தெரியாதா, கிழிப்பதற்கு முன்னால் ஒரு எழுத்து விடாமல் படித்து முடித்துவிடுவாய்.

போன செவ்வாய்க்கிழமை கடையில் உட்கார்ந்து பட்டனுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன், தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. யாரோ புதுசாகத் தைக்கக் கேட்கிறார்கள் என்று நினைத்து, பத்து நாள் ஆகும் என்று எடுத்த எடுப்பிலேயே சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு பெண், "ஆன்ட்டி, நான் உங்க பொண்ணோட ரூம்ல இருக்கிறவ, நர்ஸ். பயப்படாதீங்க, இப்ப நல்லா இருக்கா" என்றாள். பயப்படாதீங்க என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குக் கை கால் ஓடாது என்று உனக்குத் தெரியும். நீ ஆய்வுக்கூடத்து மாடிப்படியில் மயங்கி விழுந்தாயாம். முழங்கையில் நாலு தையலாம். அந்தப் பெண்ணுக்கு என் நம்பர் எப்படிக் கிடைத்தது தெரியுமா? நீ தரவில்லை. "வீட்டுக்குச் சொல்லாதே" என்று கையைப் பிடித்துக் கெஞ்சியிருக்கிறாய். மூச்சு விடச் சிரமப்படுகிறாய் என்று அவள் உன் சட்டையின் காலர் பட்டனைக் கழற்றியபோது, கழுத்துப் பட்டியில் நான் வைத்துத் தைத்திருந்த கடை லேபிள் கண்ணில் பட்டிருக்கிறது, அதில் நம்பர் இருந்திருக்கிறது. பெற்ற பெண் விழுந்த செய்தி எனக்கு ஒரு லேபிள் சொல்லித்தான் தெரியவேண்டியிருந்தது. என் கோபத்துக்கு இது முதல் காரணம், இன்னும் இருக்கிறது, படி.

ரெண்டாவது காரணம், அந்த அளவுச் சீட்டு. கருநீலத் துணியும் அதோடு உன் அச்சுப் போன்ற கையெழுத்தில் ஒரு சீட்டும் பார்சலில் வந்தபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? பதினாலு வருஷமாக என் டேப்பை உன் பக்கத்தில் விட்டதில்லை நீ. "பழைய சட்டைய வெச்சுத் தைச்சுடும்மா" என்று ஒரு சட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போய்விடுவாய். இப்போது தானாகவே அளவெடுத்து அனுப்பியிருக்கிறாளே என்று அப்பாவிடம் சீட்டைக் காட்டிப் பெருமைப்பட்டேன், முட்டாள். இடுப்பு இருபத்துநாலு என்று போட்டிருந்தது. வேலை அதிகம், இளைத்திருப்பாள் என்று நினைத்தேன். உன் ரூம் தோழி சொன்னாள், "ஆன்ட்டி, அதுல இருக்கிறது அவளோட அளவு இல்ல, அவ ஆகணும்னு நினைக்கிற அளவு. அந்த ட்ரெஸ் வந்தா அதுக்குள்ள போயே ஆகணும்னு தன்னத்தானே கட்டாயப்படுத்தத்தான் அனுப்பியிருக்கா." ஆறு வாரமாகக் காலையில் காபி, மத்தியானம் ஒரு ஆப்பிள், ராத்திரிக்கு "பசியில்ல". இதையும் அவள்தான் சொன்னாள். இருபத்தாறு வருஷமாக இந்த மெஷினை மிதிக்கிறேன். இல்லாத உடம்புக்கு அளவு அனுப்பி, அதை என் கையாலேயே தைக்கச் சொன்ன ஒரே ஆள் நீதான். துணியை வெட்டவில்லை. அப்படியே மடித்து வைத்திருக்கிறேன்.

அப்பாவிடம் சொன்னேன். யார் வீட்டு பிரிட்ஜையோ ரிப்பேருக்குக் கொண்டுவந்து வைத்திருந்தார், அதன் பின்பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் திருகாணியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். அப்புறம், "குமாஸ்தாவுக்கு யாரு என்ன பண்ணாங்கன்னு கேளு" என்றார். கடை அளவு நோட்டை நீ எழுத ஆரம்பித்த நாளில் வைத்த பெயர், இன்னும் உன்னை அப்படித்தான் கூப்பிடுகிறார். அவருக்குத் தோன்றியது எனக்குத் தோன்றவில்லை பார். நான் என்ன சாப்பிடுகிறாள், எவ்வளவு சாப்பிடுகிறாள் என்றே கேட்டுக்கொண்டிருந்தேன். மறுபடி உன் தோழிக்குப் போன் போட்டுக் கேட்டேன், கதை வெளியே வந்தது.

மூணு வருஷம் ஊர் ஊராகக் குடிநீரைப் பாட்டிலில் பிடித்துச் சோதித்து நீ எழுதிய அறிக்கையை, அடுத்த மாதக் கூட்டத்தில் மேடையேறி இன்னொருத்தி பேசப்போகிறாளாம். உன் மேலதிகாரி உன்னைக் கூப்பிட்டு, "மேடைன்னா பாக்க எடுப்பா இருக்கணும்மா, தப்பா எடுத்துக்காத, நீ விவரத்தையெல்லாம் அவகிட்ட குடுத்துடு" என்றானாம். அவனுக்கு என் வாயில் வந்ததையெல்லாம் இங்கே எழுதினால் தபால்காரர் கடிதத்தைத் தொடமாட்டார். மூணு வருஷம் மழையிலும் வெயிலிலும் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு அலைந்தவள் எடுப்பாக இல்லையாம், எடுத்துக்கொடுத்ததைப் படிக்கிறவள்தான் எடுப்பாக இருக்கவேண்டுமாம். தண்ணீரில் என்ன விஷம் கலந்திருக்கிறது என்று கேட்க வருகிறவர்களுக்கு உன் இடுப்பு எதற்கு?

சரி, அவனை விடு, உன்னிடம் வருகிறேன். நீ என்ன செய்தாய்? "சரி சார்" என்று சொல்லிவிட்டு, சிரித்துவிட்டு, விவரத்தையெல்லாம் கலர் கலராகப் பிரித்து அடுக்கி அவளிடம் கொடுத்துவிட்டு, ரூமுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்றாய். கோபம் வரவேண்டியது அவன் மேல். அது வந்தது, வராமல் எங்கே போகும், நீ என் வயிற்றில் பிறந்தவள். ஆனால் வந்தது கோபம் என்றே உனக்குத் தெரியவில்லை. இடுப்பு பெருத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாய். அவனைத் திட்டவேண்டிய ஆறு வாரத்தையும் உன் வயிற்றைப் பட்டினி போட்டே கழித்தாய். உன் வயிறா அவனிடம் போய் அந்த அறிக்கையைக் கொடுத்தது?

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. கடையில் திரைக்கு அந்தப் பக்கம் நிற்கும் கண்ணாடியைத்தான் இருபத்தாறு வருஷமாகப் பார்க்கிறேன். பஸ் ஓட்டும் அக்காவை உனக்கு ஞாபகம் இருக்கும், கடைக்குள் வந்தால் நமக்கு நகர இடம் இருக்காது. "கை தூக்கிற இடத்துல தாராளமா விடும்மா, வண்டிய வளைக்கணும்ல" என்று மட்டும்தான் சொல்லும். ஒருநாள் தைத்த சட்டையை வாங்க வந்தது, போட்டுப் பாருங்க என்றேன். "இன்னைக்கு வேணாம். டிப்போவுல அந்த ஆளோட பெரிய சண்டை, உடம்பெல்லாம் எரியுது. இன்னைக்கு எதப் போட்டாலும் எனக்கு நான் அசிங்கமாத்தான் தெரிவேன். நாளைக்கு வரேன்" என்று போய்விட்டது. மறுநாள் அதே சட்டையைப் போட்டு முன்னும் பின்னும் திரும்பிப் பார்த்து, "ஜோரா இருக்கே" என்றது. ஒரே சட்டை, ஒரே உடம்பு, நடுவில் ஒரு ராத்திரித் தூக்கம். தனக்குள்ளே என்ன ஓடுகிறது என்று அந்த அக்காவுக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த வங்கிக்காரப் பெண்ணையும் நினைத்துப் பார். காற்றடித்தால் பறந்துவிடுவாள், ஆனால் மாசத்துக்கு ரெண்டு தரம் வந்து "பக்கவாட்டுல அரை இஞ்சு பிடிச்சிடுங்க, தொளதொளன்னு இருக்கு", இல்லாவிட்டால் "பிரிச்சிடுங்க, நான் குண்டாயிட்டேன்" என்பாள். நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும், நாம் ரெண்டு பேரும் அதைச் சொல்லிச் சொல்லி எத்தனை நாள் சிரித்திருக்கிறோம். ஒரு தையலையும் தொடமாட்டேன். இஸ்திரி மட்டும் போட்டுக் கொடுப்பேன். போட்டுப் பார்த்து "இப்பதான் கரெக்டா இருக்கு" என்று போவாள். அதை என் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு என்ன நடந்தது என்று ஒரு நாளாவது அவளைக் கேட்டேனா? அவள் கண் சிவந்து வந்த நாட்களில்தான் இடுப்பு பெருத்ததும் இளைத்ததும் என்று இந்த வாரம்தான் எனக்கே உறைக்கிறது.

நீயும் சின்னவளும் ஒரே அச்சு. பின்னாலிருந்து பார்த்தால் அப்பாவே மாற்றிக் கூப்பிடுவார். ஆனால் அவளைத் தெருவில் எவனாவது ஏதாவது சொன்னால் கூரியர் வண்டியை நிறுத்தி இறங்கி நாலு பேர் கேட்கத் திட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து ஒரு மூச்சு அழுதுவிட்டு, தட்டு நிறையச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிடுவாள். மறுநாள் கேட்டால் எவன் என்ன சொன்னான் என்றே மறந்திருப்பாள். நீ அப்படி இல்லை. ஒரு எழுத்து கோணினால் பக்கத்தையே கிழித்துவிட்டு முதலிலிருந்து எழுதுகிற பிள்ளை நீ. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கிவிட்டு அந்த ரெண்டுக்காகச் சாப்பிடாமல் படுப்பாய். எவ்வளவு பொறுப்பான பெண் என்று ஊரெல்லாம் சொல்லி நானே அதற்குத் தீனி போட்டேன். சுபாவத்தை மாற்று என்று சொல்லவில்லை, அந்தச் சுபாவம் இல்லாவிட்டால் தண்ணீரில் துளி விஷத்தைக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அதையே எடுத்துக்கொண்டு உன் உடம்பிலும் பிழை தேடிக்கொண்டிருந்தால் ஒருநாளும் தேடி முடியாது.

இப்போது மூணாவது காரணத்துக்கு வருகிறேன். இது உன் மேல் இல்லை. சீட்டைப் பார்த்ததும் உன் பழைய அளவோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று பரணிலிருந்து பழைய அளவு நோட்டுகளை இறக்கினேன். நான் டேப்பைப் பிடித்துக்கொண்டு கடை முழுக்கக் கேட்கும்படி எண்ணைக் கூவுவேன், நீ முக்காலியில் உட்கார்ந்து எழுதுவாய். மார்பு, இடுப்பு, கை, இறக்கம். பதினோரு வயசிலிருந்து இந்தத் தெருப் பெண்கள் அத்தனை பேரின் உடம்பையும் எண்ணாக எழுதியவள் நீ. மூணு நோட்டு, ஒரு அடித்தல் இல்லை, ஒரு திருத்தல் இல்லை. உன் பதிமூணாம் வயசுப் பக்கம் வந்தது. பள்ளிச் சீருடை, இடுப்பு இருபத்தாறு. அந்த ஆறு மட்டும் மங்கலாக இருந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். காகிதம் அந்த இடத்தில் மெலிந்து வெளிச்சம் வந்தது. தையல் பிரிக்கும் பிளேடை எடுத்து எட்டின் மேல் வட்டத்தில் வலது ஓரத்தைச் சுரண்டி ஆறாக்கியிருக்கிறாய்.

எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. அன்றைக்குக் கடையில் நாலு பேர் இருந்தார்கள். உன்னை நடுவில் நிறுத்தி அளவெடுத்து, "இருபத்தெட்டு! போன வருஷம் இருபத்தஞ்சு, மூணு இஞ்சு ஏத்திட்டா எம்பொண்ணு" என்று கூவினேன். அவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். நீ முக்காலியில் போய் உட்கார்ந்து எழுதினாய். ரெண்டு வாரம் கழித்து நோட்டைப் பார்த்து வெட்டினேன், இருபத்தாறுக்கு வெட்டினேன். சீருடை போட்டதும் இடுப்பில் பட்டன் தெறித்து விழுந்தது. அப்போது நான் சொன்ன வார்த்தையை நீ மறந்திருக்கமாட்டாய். "நோட்டு பொய் சொல்லாது. நீதான் பதினஞ்சு நாள்ல ஊதிட்ட" என்றேன். எதிரில் நிற்கிற பிள்ளையைப் பார்க்காமல் காகிதத்தைப் பார்த்துச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் நீ டேப்புக்கு நிற்காமல் போனாய். வயசுக்கு வந்த பிள்ளை, கூச்சம் என்று நினைத்தேன். உனக்குக் கூச்சமா, அவமானமா, என் மேல் கோபமா என்று பதினாலு வருஷத்தில் ஒரு தடவை கேட்கவில்லை. ஊர் உடம்புக்கெல்லாம் அளவு தெரிந்தவளுக்குப் பெற்ற பிள்ளையின் முகம் தெரியவில்லை. இந்த மூணாவது கோபம் என் மேல், இது மற்ற ரெண்டையும்விடப் பெரியது.

நேற்று ஒரு காரியம் செய்தேன். நான் எனக்கு அளவெடுத்ததே கிடையாது என்று உனக்குத் தெரியுமா? பழைய சட்டையை வைத்துத்தான் எனக்கும் வெட்டிக்கொள்வேன், உன்னை மாதிரியே. யார் யாரிடமிருந்து கற்றுக்கொண்டோம் என்று தெரியவில்லை. சின்னவளைக் கூப்பிட்டு டேப்பைக் கொடுத்து, கடையில் மூணு பேர் இருக்கும்போதே எடுக்கச் சொன்னேன். அவளுக்கா குரலுக்குப் பஞ்சம், "முப்பத்தொம்பது!" என்று கூவினாள். அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போல் இருந்தது. தப்பா எடுத்திருப்பா, இன்னொரு தரம் எடு என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். அடக்கிக்கொண்டு, "எனக்கு வெக்கமா இருக்குடி" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். சொன்னதும் முப்பத்தொன்பது வெறும் முப்பத்தொன்பதாக ஆகிவிட்டது. வங்கிக்காரப் பெண்ணும் அங்கேதான் நின்றாள், கையில் வழக்கம்போல் பக்கவாட்டில் பிடிக்கவேண்டிய சட்டை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தவள், "இன்னைக்கு வீட்ல ரொம்பப் பேசிட்டாங்கக்கா" என்றாள். சட்டையை ஓரமாக வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டேன். அரை மணி நேரம் பேசினாள், போகும்போது சட்டையை மறந்தே விட்டுப் போய்விட்டாள். இனிமேல் இந்தக் கடையில் எண்ணைக் கூவுவது கிடையாது. டேப்பைக் காட்டுவேன், அவரவர் பார்ப்பார்கள், நானே எழுதிக்கொள்வேன்.

உன் பக்கத்தையும் திருத்திவிட்டேன். ஆறை ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் இருபத்தெட்டு என்று எழுதி, கீழே "நோட்டுதான் பொய் சொன்னது, பிள்ளை ஊதவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பதினாலு வருஷம் தாமதம். ஆனாலும் போட்டிருக்கிறேன்.

இனி நடக்கவேண்டியதைச் சொல்கிறேன். உன் தோழி வியாழக்கிழமை டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறாள், அவளோடு போ, உடம்பைப் பற்றி மட்டும் சொல்லாமல் மனசில் இருப்பதையும் சொல். காலையில் ஒரு முட்டையாவது சாப்பிடு, அவளை எனக்கு வேவு பார்க்கச் சொல்லியிருக்கிறேன், அவள்மேல் எரிந்து விழாதே. அஞ்சாம் தேதி ரயிலில் நான் வருகிறேன். கடையைப் பத்து நாள் பூட்டுகிறேன், அப்பா மயக்கம் போட்டு விழாத குறை. வெட்டாத துணியும் கத்தரிக்கோலும் டேப்பும் என்னோடு வரும். உன் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு, நீயும் நானும் மட்டும் இருக்கும்போது அளவெடுப்பேன், வாய்க்குள்ளேயே படித்துக்கொள்வேன். அன்றைக்கு என்ன இருக்கிறதோ அதற்குத் தைப்பேன், உள்ளே ரெண்டு இஞ்சு துணி விட்டு. உடம்பு என்றால் ஏறும் இறங்கும், துணிதான் அதற்கு இடம் விடவேண்டும். அதைப் போட்டுக்கொண்டு நீ மேடையில் ஏறுவாயோ, கீழே உட்கார்ந்து அவனை முறைப்பாயோ, உன் இஷ்டம். ஆனால் கூட்டத்துக்கு முன்னால் அவனிடம் போய், இது என் வேலை, நான்தான் பேசுவேன் என்று ஒரு தடவை வாய்விட்டுக் கேள். அவன் தராமல் போகலாம், நீ கேட்காமல் போகக்கூடாது.

நான் வருவதற்குள் எனக்கு ஒரு கடிதம் வரவேண்டும். உடம்பு எடையும் வேண்டாம், அளவும் வேண்டாம். யார் யார் மேல் கோபம் என்று வரிசையாக எழுது. என் பெயரை முதலில் போடு, அந்த இடம் எனக்கு உரியது. கோணலாக வந்தால் அடித்துவிட்டுப் பக்கத்திலேயே எழுது. இந்தக் கடிதத்தில் நான் எத்தனை இடத்தில் அடித்திருக்கிறேன் என்று எண்ணிப் பார், ஒன்றையும் சுரண்டவில்லை.

நீ நூறு வயசு இருக்கவேண்டும், வயிறு நிறைந்து இருக்கவேண்டும். அப்பாவின் ஆசீர்வாதமும் இதில் இருக்கிறது, சின்னவள் உன்னைத் திட்டச் சொன்னாள், நான் திட்டியதிலேயே அவளுடையதும் சேர்ந்துவிட்டது. முழங்கைத் தையலை நனைக்காதே.

கோபம் தீராத,
உன் அம்மா
(இடுப்பு முப்பத்தொன்பது)